மூன்றாம் வாரத்துக் காற்று

செப்டம்பர் 19, வியாழக்கிழமை. பணியில் அதுவே எனக்குக் கடைசி ஆண்டு. வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போய்விட்டேன். ஜன்னலைத் திறந்தேன், மேசையைத் துடைத்தேன். இரவெல்லாம் ஓடி முடித்திருந்த கணினியிலிருந்து காற்று வரைபடங்களை இறக்கி, முதல் வாரம், இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம், நான்காம் வாரம் என்று பெயரிட்டு அச்செடுத்தேன். நீள மேசையில் இடமிருந்து வலமாக அடுக்கினேன். மின்விசிறிக்குப் பறந்துவிடாமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல் வைத்தேன். அதன் பிறகுதான் தேநீர்.

என் வேலை என்னவென்று உறவினர்களுக்கு விளங்கவைக்க என்னால் கடைசிவரை முடியவில்லை. வானிலை அலுவலகம் என்றால் நாளைக்கு மழை வருமா என்று கேட்பார்கள். நாளை எங்கள் பிரிவுக்குச் சொந்தமானதல்ல. அது பக்கத்து அறைக்காரர்களுடையது. எங்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது மூன்று வாரம், நான்கு வாரம் தள்ளி இருக்கிற காலம். தென்னிந்தியாவுக்கு மேலே, தரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில், அப்போது காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கும் என்பதை இன்றைக்கே சொல்ல வேண்டும். இன்னும் பிறக்காத காற்றைப் பற்றி அறிக்கை எழுதுகிற வேலை.

விருப்ப ஓய்வு பெற்று விருதுநகருக்கு வந்துவிட்ட எனக்கு, போன மாதம் நிவேதாவிடமிருந்து தொலைபேசி வந்தது. சென்னையில் என் நாற்காலியில் இப்போது உட்காருபவள். புதிதாக ஒரு மாடல் வந்திருக்கிறதாம். அது சமன்பாடு எதையும் தீர்ப்பதில்லையாம். பழைய காற்று வரைபடங்களை வருடக்கணக்கில் பார்த்துப் பழகி, நான்கு வாரத்தையும் ஒரு நிமிடத்தில் வரைந்து கொடுத்துவிடுகிறதாம். “கூழாங்கல் வைக்கக்கூட நேரமில்லை மேடம்” என்று சிரித்தாள். பழைய முறையில் ஒரு முன்னறிவிப்பு எப்படிப் பிறந்தது என்று பிரிவின் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னாள். நான் எழுதிய முன்னறிவிப்புகள் எத்தனையோ. எழுத உட்கார்ந்தபோது அந்தச் செப்டம்பர் வியாழக்கிழமை மட்டும்தான் நினைவில் எழுந்து நின்றது.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விடியற்காலையில் மொட்டைமாடியில் பலூன் விட்டோம். தொலைநோக்கியில் கண்ணைப் பொருத்தி அது மறையும்வரை பார்த்தோம். பலூன் நேராக மேலே போவதில்லை. கொஞ்ச தூரம் கடலைப் பார்த்துப் போகும், பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோலத் திரும்பி ஊரைப் பார்த்து வரும். வானம் என்பது ஒரே காற்று அல்ல, ஒன்றின் மேல் ஒன்றாகப் பல காற்றுகள் என்று எனக்குக் கற்பித்தது அந்த வெள்ளைப் பலூன்தான். பிறகு கணக்கு, பிறகு கணினி. பிறகு வருடங்கள்.

இனி எங்கள் முறை. வானத்தின் இன்றைய நிலையை யாராலும் முழுதாக அளக்க முடியாது. கடலுக்கு மேலே, மலைக்கு மேலே எல்லாம் இடைவெளிகள். அதனால் மாடலை ஒரே தடவை ஓட்டி நம்பிவிட மாட்டோம். தொடக்கத்தை இம்மி இம்மியாக மாற்றி மாற்றிப் பல தடவை ஓட்டுவோம். ஒவ்வோர் ஓட்டமும் ஒரு கோடு வரையும். முதல் வாரத்தில் அத்தனை கோடுகளும் எண்ணெய் தடவி வாரிய தலைமுடி மாதிரி ஒன்றாகப் படிந்து கிடக்கும். இரண்டாம் வாரத்தில் ஓரத்தில் சில இழைகள் பிரியும். மூன்றாம் வாரத்தில் பின்னல் அவிழ்ந்துவிடும். நான்காம் வாரம் பெரும்பாலும் தலைவிரி கோலம்தான். அங்கே மாடல் சொல்வதைவிட அந்த வாரத்தின் பல ஆண்டுச் சராசரியைச் சொல்லிவிட்டுப் போவது மேல்.

ஆனால் சில மாதங்களில் மூன்றாம் வாரத்திலும் கோடுகள் பிரியாமல் சேர்ந்தே போகும். பூமத்திய ரேகையை ஒட்டி, இந்தியப் பெருங்கடலிலிருந்து கிழக்கு நோக்கி, ஒரு பெரிய மேகக் கூட்டம் அவ்வப்போது நகரும். அவசரமே இல்லாத நடை. அது நடக்கிற பாதையில் காற்றுகள் எல்லாம் ஒதுங்கி வழிவிடும். அது வலுவாக நடக்கும் காலத்தில் எங்களுக்குத் தூரப் பார்வை உண்டு. அது படுத்துவிட்டால் எங்களுக்கும் கண் மங்கிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தூரத்தில் தெரிவது காற்றுதான். மழை தெரிவது மிகக் குறைவு. காற்றோட்டம் பெரியது, மெதுவானது. மழை அதன் மடியிலிருந்து எங்கே சிந்தும் என்பதைக் காற்றே அறியாது.

பிரிவின் தலைவி பத்மா மேடம். வியாழக்கிழமை அறிக்கை நாள். அன்று அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றபடியே மேசையைச் சுற்றி வருவார். புதிய வரைபடங்களைத் தொடமாட்டார். மூன்று வாரம் முன்னால் நாங்கள் சொன்னதையும் இப்போது நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்வார். “முதல்ல பழைய பாக்கியைப் பார்ப்போம். எங்கே தப்பு?” என்பார். தப்பை ஒத்துக்கொண்ட பிறகுதான் புதியதைத் திறக்க அனுமதி. திறந்ததும் மூன்றாம் வாரப் படத்தின் மேல் உள்ளங்கையை விரித்து மூடிக்கொள்வார். “கையை எடுத்தா என்ன இருக்கும்? சொல்லுங்க” என்பார். முதல் இரண்டு வாரங்களை வைத்து நாங்கள் ஊகித்துச் சொல்வோம். அதன் பிறகு கையை எடுப்பார். மாடல் சொல்வதை நாங்கள் அப்படியே வாங்கிக்கொண்டு போய்விடக்கூடாது என்பதற்காக.

அறிக்கையில் மூன்றாம் வாரத்துக்கு அவர் அனுமதித்த முடிவுகள் மூன்றுதான். வாய்ப்பு அதிகம், வாய்ப்பு குறைவு, தெரியவில்லை. மூன்றாவதை எழுத நாங்கள் கூச்சப்பட்டால் சொல்வார்: “தெரியலைன்னு எழுதறதுக்குச் சம்பளம் குடுக்கற ஆபீஸ் இந்த ஊர்லயே இது ஒண்ணுதான். அனுபவிங்கப்பா.”

ஒரு வருடம் மூன்றாம் வாரக் காற்று நாங்கள் சொன்னதற்குச் சற்றும் பிசகாமல் வந்தது. வங்காள விரிகுடாவுக்கு மேலே ஒரு சுழல், அதன் தெற்கு விளிம்பு, அம்புக்குறிகள் சாய்ந்திருந்த கோணம் வரை. இரண்டு படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். ஒரே படம்போலத் தெரிந்தது. பத்மா மேடம் கேன்டீனிலிருந்து எல்லோருக்கும் வாழைக்காய் பஜ்ஜி வரவழைத்தார். அன்று மாலை ஒரு கல்யாண வீட்டுக்குப் போனேன். “நீங்க வானிலைதானே? சாயங்காலம் மழை பெய்யுமா?” என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். சிரித்தார்கள். நாங்கள் நன்றாகச் சொல்லக்கூடிய ஒன்றை உலகத்தில் யாரும் கேட்பதில்லை. இந்த எண்ணம் பணிக்காலம் முழுவதும் ஒரு மெல்லிய தலைவலிபோல என்னோடு இருந்தது.

செப்டம்பர் 19க்கு வருகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் தம்பி காதர் கூப்பிட்டான். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனிகளுக்குக் காகிதக் குழாயும் அட்டைப் பெட்டியும் கொடுக்கிற வியாபாரம் அவனுக்கு.

“ராத்தா, வேலையா இருக்கீகளா? ஏழாயிரம்பண்ணைல இருந்து செண்பகத்தக்கா கடைக்கு வந்திருக்காக. ஒங்ககிட்ட ஒரு சங்கதி கேக்கணுமாம்.”

“மழையா?”

“மழைன்னா டிவில பாத்துக்கிட மாட்டாகளா? இது காத்தாம்.”

“என்ன காத்து?”

“மேகாத்து. எப்பத் தளரும்னு கேக்காக.”

நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

மேகாத்து என்பது மேற்கிலிருந்து மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும் காற்று. சுமந்து வந்த மழையை எல்லாம் மலைக்கு அந்தப்பக்கமே இறக்கிவைத்துவிட்டு, வெறுங்கையோடு, காய்ந்துபோய் வரும். விருதுநகர் மாவட்டத்துக்குத் தண்ணீர் கொடுக்காத காற்று. ஆனால் பட்டாசைக் காயவைக்கிற காற்று. ஐப்பசிக்கு முன்னால் அது தளர்ந்து, கிழக்கிலிருந்து ஈரக்காற்று உள்ளே வந்துவிட்டால், காயப்போடும் வேலை முடிந்தது.

செண்பகம் ஏழாயிரம்பண்ணையில் ஒரு சின்னக் கம்பெனியில் போர்மேன். ஆணோ பெண்ணோ, மருந்து கலப்பதற்கும் காயவைப்பதற்கும் பொறுப்பானவருக்கு அங்கே அதுதான் பெயர். குழாய் வாங்க வந்து காதருக்குப் பழக்கம், நான் பார்த்ததில்லை. காதர் தொலைபேசியை அவரிடம் கொடுத்தான்.

“யக்கா, நல்லாருக்கீகளா? சாப்பிட்டீகளா?”

“சாப்பிட்டேன்ம்மா. சொல்லுங்க.”

“எங்க மொதலாளி அண்ணாச்சி பெரிய ஆர்டர் ஒண்ணு பிடிச்சிருக்காரு. வாணத்துக்குள்ள போற கலர் உருண்டை. ஈர மருந்துல உருட்டி மேடையில பரப்பிக் காயப் போடணும். மேகாத்து இருந்தா உள்ள வரைக்கும் காயும். அது நின்னுட்டா வெளிய காஞ்ச மாதிரி தெரியும், உள்ள ஈரம் கெடக்கும்.”

“ஈரத்தோட அடைச்சா?”

“கொஞ்சங் கொஞ்சமாச் சூடேறும் யக்கா. எப்ப, எந்தப் பெட்டின்னு யாருக்கும் தெரியாது. என் செட்ல நாப்பது பொம்பளைக இருக்காக.”

“காயலைன்னு சொல்லி அடைக்காம வச்சா?”

“லாரிய வாசல்ல நிப்பாட்டிட்டு அண்ணாச்சி வச்சிருக்க விடுவாரா? அதனால கலக்குறப்பவே யோசிக்கணும். இப்பவே மாட்டேன்னு சொல்லிட்டா, தீவாளி நெருக்கத்துல இவுக அம்புட்டுப் பேரும் வீட்ல உக்காரணும். கலந்துட்டுக் காத்து நின்னுபோச்சுன்னா அதவிட மோசம். அதான் கேக்கேன். இன்னும் மூணு வாரத்துக்கு மேகாத்து நிக்குமா?”

அறிக்கையில் போகாத எதையும் தொலைபேசியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, பத்மா மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

“காத்தையா கேட்டாங்க?”

“ஆமா மேடம்.”

“மழை இல்லையே?”

“இல்லை. காத்து மட்டும்.”

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வியாழக்கிழமையில் அது முதல் தடவை. “அந்தம்மா பேர் என்ன?” என்று கேட்டார். சொன்னேன். “செண்பகத்துக்குத் தப்பாப் போயிடக்கூடாது. எல்லாத்தையும் எடுங்க.”

எடுத்தோம். அத்தனை ஓட்டங்களையும் தென்மாவட்டங்களுக்கு மட்டும் தனியே பிரித்தோம். மாடல் வழக்கமாகக் காற்றைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும், அந்தப் பழக்கத்தைக் கழித்தோம். கடந்த ஆண்டுகளின் இதே வாரங்களுக்கு மாடலை ஓட்டி வைத்திருந்த படங்களை எடுத்து, அப்போதெல்லாம் மூன்றாம் வாரக் காற்றை எவ்வளவுக்குச் சரியாகச் சொல்லியிருக்கிறது என்று பார்த்தோம். சராசரியைவிட நன்றாகவே சொல்லியிருந்தது. அந்த மாதம் மேகக் கூட்டமும் கடலில் வலுவாக நடந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு வாரம் மேற்குக் காற்று பலமாக இருக்கும், கோடுகளில் சந்தேகமே இல்லை. மூன்றாம் வாரத்தில் பெரும்பாலான கோடுகள் தளர்ந்து கிழக்குக்குத் திரும்பின. சில கோடுகள் திரும்பாமல் அடம்பிடித்தன.

“சரி. இது மேலே. அவங்க மேடை எங்கே இருக்கு?” என்றார் மேடம்.

அங்கேதான் சிக்கல். எங்கள் மாடல் நாட்டைக் கட்டம் கட்டமாகப் பார்க்கும். ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, ஆனைக்குட்டம், சிவகாசி எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் கட்டத்தின் ஓரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு தலையணை மாதிரி வழுவழுவென்று கிடக்கும். செங்கோட்டைப் பக்கம் மலையில் இருக்கிற இடைவெளி அதில் இல்லை. அந்த இடைவெளி வழியாகத் தரையை ஒட்டி வரும் காற்று, மேலே எல்லாம் மாறிய பிறகும், சில நாள் தன் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். எத்தனை நாள் என்று தலையணைக்குத் தெரியாது.

அன்றைய அறிக்கையில் தென்மாவட்டங்களின் காற்றுக்கென்று ஒரு தனி வரி முதன்முதலாகச் சேர்ந்தது. மேடமே சொல்லச் சொல்ல நான் தட்டினேன். சாயங்காலம் அதைச் செண்பகத்துக்குப் பேச்சுத் தமிழில் சொன்னேன்.

“மொத ரெண்டு வாரம் நல்லா அடிக்கும். மூணாவது வாரம் மேலே தளர்றதுக்கு வாய்ப்பு அதிகம். தரையில எந்த நாள் தளரும்னு எங்களுக்குத் தெரியாது.”

“மூணாவது வாரம் அடிச்சாலும் அடிக்கும்?”

“அடிக்கலாம்.”

“ஆனா நம்பிக் கலக்கக் கூடாது.”

“அதை நான் சொல்ல முடியாதும்மா.”

“நீங்க சொல்ல வேண்டாம் யக்கா. அத நான் சொல்லிக்கிறேன்” என்றார். “ரெண்டு வாரம் உறுதின்னீகள்ல? அது போதும். கூடக் கொஞ்சம் வெரசா ஓட்டி, அதுக்குள்ள முடிச்சதோட மருந்து ரூமைச் சாத்தச் சொல்றேன்.”

அதன் பிறகு வந்த வியாழக்கிழமைகளில் மற்ற மாநிலங்கள் எல்லாம் எனக்கு மங்கலாகத் தெரிந்தன. மூன்றாம் வாரம் இரண்டாம் வாரமாயிற்று, இரண்டாம் வாரம் முதல் வாரமாயிற்று. ஒவ்வொரு தடவையும் அவிழ்ந்து கிடந்த கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னலுக்குத் திரும்பின. தளரும், தளரும் என்றே சொல்லிக்கொண்டு வந்தன. நான் பேருந்தில் போகும்போதும் பாத்திரம் கழுவும்போதும் கண்ணுக்குள் சின்னச் சின்ன அம்புக்குறிகள் மீன்கூட்டம்போலத் திரும்பிக்கொண்டே இருந்தன. எனக்கு மீதி விடுப்பு இருந்தது. தம்பி குடும்பத்தைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். உண்மையில் ஒரு காற்றைப் பார்க்கப் போனேன்.

அக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை. மூன்றாம் வாரத்தின் நடுப்பகுதி. காதர் தன் ஸ்கூட்டரில் என்னை ஏழாயிரம்பண்ணைக்கு அழைத்துப் போனான். ஊரைத் தாண்டியதும் காய்ந்த நிலங்கள், தூரத்தில் ஒன்றை ஒன்று தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கிற சின்னச் சின்ன வெள்ளை அறைகள். முகத்தில் சூடாக, மணலோடு, ஒரு காற்று அறைந்தது.

“ராத்தா, இது மேகாத்துதானே?” என்றான் காதர்.

ஆமாம் என்றேன். அது தளரவே இல்லை.

கம்பெனி வாசலில் காவலாளி நிறுத்தினார். “செருப்பு, போனு, சாவி அம்புட்டையும் இங்கன வச்சிருங்க. அந்தச் செம்புத் தகட்டுல கை வைங்க.” உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்க அந்தத் தகடு. கை வைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அது என்ன சேலை?”

“பாலியெஸ்டர்.”

“அப்ப உள்ள விட முடியாது தாயி. பருத்தி மட்டுந்தேன். பொறி வந்துச்சுன்னா ஒங்களோட நானும்ல போகணும்.”

உள்ளேயிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்த முதலாளி செல்வராஜ் அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். “வானத்துல இருக்கிற காத்தைப் பாக்காக. கட்டியிருக்க சேலையப் பாக்கல. வாங்க வாங்க, வேப்பமரத்தடிக்கு வாங்க. நம்ம செண்பகமும் வருது.”

செண்பகம் வெறுங்காலோடு வந்தார். நான் குரலில் கற்பனை செய்ததைவிடச் சிறிய உருவம். மஞ்சள் பருத்திச் சேலை, கையில் வெள்ளிநிறத் தூள் படிந்திருந்தது. என் கையைத் தொட வந்து, தூளைப் பார்த்து, பின்னால் இழுத்துக்கொண்டார்.

“பாத்தீகளாம்மா?” என்றார் அண்ணாச்சி. “தளரும்னீக. இந்தா அடிக்கு. நான் வேட்டியப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கேன். ஒங்க பேச்சக் கேட்டு இது போன வாரமே மருந்து ரூமைச் சாத்திருச்சு. பாதிப் பொம்பளைக வீட்ல. ஆர்டர்ல கால்வாசி பாக்கி. மேடை வெறிச்சுன்னு கெடக்கு, மேல நல்ல வெயிலு, நல்ல காத்து. வயிறு எரியுது.”

“அண்ணாச்சி, நாம பேசி முடிச்சதுதானே” என்றார் செண்பகம்.

“காத்து தளரும்னு பேசினோம். தளரல. அப்ப பேச்சும் இல்ல. நாளைக்குக் காலைல மருந்து கலக்கணும்.”

செண்பகம் என்னைப் பார்த்தார். “என்ன சொல்றீக யக்கா?”

நான் வேப்பமரத்தின் நிழலை விட்டு வெளியே வந்து நின்றேன். என் முந்தானை கிழக்கு நோக்கி விறைத்துப் பறந்தது. தரையில் புழுதி கிழக்கே ஓடியது. காதில் அந்தக் காற்றின் இரைச்சல் தவிர வேறில்லை. தலையை நிமிர்த்தினேன். வெம்பக்கோட்டை அணைப் பக்கமாகச் சில தாழ்ந்த மேகங்கள், பஞ்சுப் பொதிபோல. முதலில் அவை நிற்கின்றன என்று நினைத்தேன். வேப்பங்கிளை நுனியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நகர்ந்துகொண்டிருந்தன, மேற்கே, மலையைப் பார்த்து, யாரும் கூப்பிடாமலே வீட்டுக்குத் திரும்புகிற மாடுகளைப்போல. கீழே புழுதி ஒரு பக்கம், மேலே மேகம் எதிர்ப்பக்கம். நான் சென்னையில் மேசைமேல் கல் வைத்து அடுக்கிய அந்த மூன்றாம் வாரப் படம், ஒரு கோடுகூட மாறாமல், என் தலைக்குமேல் ஓசையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் அதை வரைந்தவள் நான். அதன் அடியில் நின்றது அன்றுதான். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. காதர் தோளைத் தொட்ட பிறகுதான் கீழே பார்த்தேன்.

“மேலே திரும்பிருச்சு” என்றேன். மேகத்தைக் காட்டினேன். மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். “அது கீழே எப்ப இறங்கும்னு எனக்குத் தெரியலை. நாளைக்கும் இறங்கலாம். ஒரு வாரமும் ஆகலாம்.”

“தெரியலைங்கிறதுக்கா மெட்ராஸ்ல இருந்து வந்தீக?” என்றார் அண்ணாச்சி. கோபத்தைவிடக் களைப்புதான் அதில் அதிகம் இருந்தது.

செண்பகம் இன்னும் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “உருண்டை உள்ள வரைக்கும் காய எனக்கு நாலு நாள் வேணும் அண்ணாச்சி” என்றார். “இன்னிக்கு மேல திரும்பின காத்து, நாலு நாள் கீழ இறங்காதுன்னு யாரு பொறுப்பேத்துக்கிடுவா? நான் கலக்க மாட்டேன்.”

“அப்ப நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன்.”

“பாத்துக்கிடுங்க. அவரு வெளியூர்க்காரரா இருந்தா மேகத்தக் காட்டிருங்க.”

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். செண்பகம் கையிலிருந்த தூளை மண்ணில் தேய்த்துத் துடைத்தார். “நீங்க ஒண்ணும் நெனைக்காதீக யக்கா” என்றார் என்னிடம். “பதினெட்டு வயசுல இங்க வந்தேன். கோவிச்சுக்கிட்டுப் போற முதுக எம்புட்டோ பாத்துட்டேன்.”

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தரையில் காற்று சனிக்கிழமை விழுந்தது. மேகாத்து காலையில் ஓய்ந்து, மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து பிசுபிசுப்பாக ஒரு காற்று வந்தது என்று காதர் தொலைபேசியில் சொன்னான். புதன்கிழமை கலந்திருந்தால், செண்பகத்தின் நாலு நாள் கணக்குப்படி, அந்த லோடு ஈரத்தோடு மேடையில் கிடந்திருக்கும். “சின்ன உருண்டையா உருட்டியிருந்தா மூணு நாள்ல காஞ்சிருக்கும்ல?” என்று அண்ணாச்சி இன்றுவரை சொல்வதாகவும் கேள்வி. பத்மா மேடம் அந்த வார அறிக்கையைச் சரிபார்க்கும்போது காற்றுக்குச் “சரி” என்று எழுதினார். தரையில் சில நாள் பிந்தியதைத் தப்புக் கணக்கில் தனியே எழுதவைத்தார். தென்மாவட்டக் காற்றுக்கான வரி இன்றும் அறிக்கையில் இருக்கிறது, புதிய மாடல் வந்த பிறகும். மூன்றாம் வாரத்தில் அதன் கோடுகளும் அவிழத்தான் செய்கின்றன என்று நிவேதா சொன்னாள்.

ஆனால் செவ்வாய்க்கிழமை மாலையில் இதில் எதுவும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். நான் சொன்ன காற்று தரையில் வரவில்லை, ஒரு பெண்ணுக்கு வேலை போயிருந்தது. சிவகாசிக்குத் திரும்பும் வழியெல்லாம் மேகாத்து முதுகைத் தள்ளிக்கொண்டே வந்தது.

அக்டோபர் 9, புதன்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாகக் காதரை எழுப்பி ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னேன். தேநீர்கூடக் குடிக்காமல் ஏழாயிரம்பண்ணைக்குப் போனோம். செண்பகம் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். தலை வாரி, பருத்திச் சேலை கட்டி, பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்கு.

“எங்க கிளம்பிட்டீக?” என்று கேட்டேன்.

“எங்கயும் இல்ல யக்கா. கை பாட்டுக்குச் சோத்தக் கட்டிருச்சு.”

தெருமுனையில் ஆரன் சத்தம் கேட்டது. கம்பெனி வேன். நாள்தோறும் மற்ற பெண்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு கடைசியாகத்தான் செண்பகத்தின் வாசலுக்கு வரும். அன்று காலியாக வந்து நின்றது. முன்சீட்டில் அண்ணாச்சி இருந்தார்.

“காத்து இன்னமும் அடிக்கு, பாத்தியா?” என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு.

“பாத்தேன்.”

“கலக்க வேணாம், மருந்து ரூமைப் பூட்டிட்டேன். காஞ்ச சரக்குக்குப் பெட்டி போடுற வேலை கெடக்கு. வீட்ல இருக்கிற அம்புட்டுப் பேரையும் கூப்பிடணும். யார் யாரு எந்தத் தெருன்னு எனக்கு என்ன தெரியும்? ஏறும்மா.”

செண்பகம் தூக்கை எடுத்துக்கொண்டு ஏறினார். வேன் அடுத்த தெருவுக்குத் திரும்பியது.